தறிக் குரல்

என் அண்ணன் மகள் தேன்மொழிக்கு ஊரில் உள்ள எல்லாச் சத்தமும் கேட்டது, என் குரலைத் தவிர.

முதலில் நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் குத்தவைத்துக் கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று "தேனு" என்றேன். திரும்பவில்லை. தெருவில் கோலப்பொடி வண்டி ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு போனது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்து ஷெட்டில் கரண்டு போய்த் தறிகள் நின்றன. அதற்கும் பார்த்தாள். "தேனுக்குட்டி, அத்தை வந்திருக்கேன்டி" என்றேன். பென்சிலைத்தான் சீவினாள்.

உள்ளே அடுப்படியிலிருந்து அவள் அம்மா, என் மதினி, குரல் கொடுத்தாள். "ஏ தேனு."

அவ்வளவுதான். பிள்ளை சடக்கென்று திரும்பியது. இடது கடைவாய் மேலே ஏறி, இடது கண் கொஞ்சம் சுருங்கி, ஒரு சிரிப்பு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மதினியைப் பார்த்து அவள் சிரிக்கிற அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடிவதில்லை. வயிறு எரியும். மறுபடி நான் பார்த்தபோது, பிள்ளை காதில் மாட்டியிருந்த, காது கேட்க வைக்கிற மிஷினைப் பிடுங்கித் தரையில் எறிந்திருந்தது.

நான் வைரமணி. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். இப்போது ராஜபாளையத்தில் ஒரு கம்பெனியில் முகங்களுக்குப் பெயர் ஒட்டுகிறேன். திரையில் ஒரு முகம் வரும். சிரிப்பு, அழுகை, கோபம், வலி, இதில் ஒன்றைத் தட்ட வேண்டும். எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்கு மனிதர்களின் மூஞ்சியைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை. இதற்கு இன்ஜினியரிங் எதற்கு என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மாரீஸ்வரி மதினி என் தாய்மாமன் மகள். அவளுக்கும் என் அண்ணன் முனீஸுக்கும் நிச்சயம் நடந்தபோது நான் பிளஸ் டூவில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில், சொந்தத்தில் கட்டினால் பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். அம்மா என் வாயிலேயே அடித்தாள். தேன்மொழி என்று ஆசையாகப் பேர் வைத்த பிள்ளைக்குக் காதே கேட்கவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, மதினி டாக்டரைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் படித்துச் சொன்னதை அவள் சாபம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு அலைந்தவள் நான். காதுக்குள் கருவி வைக்க அரசுத் திட்டத்தில் இடம் வாங்க, கலெக்டர் ஆபீஸ் படியில் தவம் கிடந்தவள் நான். பேச்சுப் பயிற்சிக்கு லீவு போட்டுக் கூட்டிப்போனவளும் நான்தான். பிள்ளை முதலில் சொன்ன வார்த்தை 'அத்த'. அம்மா இல்லை, அத்த. அதை நான் தெரு முழுக்கச் சொன்னேன். ஏன் சொல்லக் கூடாது?

"மதினி, இவளுக்கு என் சத்தம் கேக்க மாட்டேங்குது" என்றேன்.

"நீ பேசுறது எனக்கே கேக்காது. ஏசி ரூம்புல பேசுற மாதிரி குசுகுசுன்னு பேசுனா? அவ தறிக்காரி மக. தொண்டையத் திறந்து பேசு."

"கோலப்பொடிக்காரனுக்குத் திரும்புறா."

"அவன் கலர் கலரா விக்கிறான். நீ என்னத்த விக்கிற?"

அண்ணன் காபி டம்ளருக்குள் சிரித்தான். மதினி சொன்னதில் பாதி உண்மை. எங்கள் ஊர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யாத தெரு குறைவு. பகல் பூராவும் தறி ஓடுகிற இடத்தில் பொம்பளைகள் பேச வேண்டுமென்றால் சத்தத்தைத் தாண்டிப் பேச வேண்டும். மதினி குரல் மெல்லிசு, கூர்மை. நாலு தறி ஒன்றாக ஓடினாலும் அதற்கு மேலே ஏறி நிற்கும். தறி நின்ற பிறகும் கீழே இறங்காது. என் குரல் கட்டை. அதற்காக, நேற்றுவரை கேட்ட குரல் இன்று கேட்காமல் போகுமா?

"மிஷின எப்ப இருந்து இப்படிப் பிடுங்கி எறியிறா?"

"சின்னப் பிள்ளைன்னா எறியத்தான் செய்யும்."

"எறிஞ்சா பேச்சு வராது மதினி. மூளை சத்தத்தப் படிக்கிற வயசு இதுதான். இது போச்சுன்னா காதுக்குள்ள வச்சது வெறும் கம்பி."

"எல்லாம் தெரிஞ்சவ சொல்லிட்டா, கேட்டுக்கங்க" என்றாள் மதினி, அடுப்பைப் பார்த்து. அப்போது அவள் போன் சிணுங்கியது. எடுத்து ஒரு தட்டு தட்டிவிட்டு ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டாள். நான் அதைக் கவனித்தேன். ஆனால் அது என்ன என்று கேட்கவில்லை.

மறுநாள் பிள்ளையை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதினியும் வந்தாள். "என் பிள்ளைய நீ தனியாக் கூட்டிட்டுப் போக வேண்டாம்" என்றாள். பஸ்ஸில் பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. பெஞ்சு நடுவில் கோடு போட்டுச் சண்டை பிடிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நாங்கள் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

காது பிரிவில் ரெஜினா மேடம் இருந்தார். பிள்ளையின் மிஷினில் கரண்டை ஏற்றி இறக்கி, சத்தத்தைச் சரிப்படுத்துகிறவர் அவர்தான். வாயில் எப்போதும் கிராம்பு. மிஷினைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டு, "கூப்பிடு" என்றார் என்னிடம்.

"தேனு."

திரையில் கம்பி கம்பியாக இருந்த கோடுகள் அசையக்கூட இல்லை. மேடம் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"மிஷின் உன் குரல மூடி வச்சிருக்கு" என்றார்.

"மூடி வச்சிருக்கா? எப்படி?"

"இது புது மாடல். காதுக்குள்ள கரண்ட் விடுறோம்ல, அதுக்குப் பக்கத்துலயே முக நரம்பு ஓடுது. சில பிள்ளைங்களுக்குக் கரண்ட் அங்கிட்டுக் கசியும். கண்ணு துடிக்கும், வாய் இழுக்கும். பெரியவங்க வாயத் திறந்து சொல்லுவாங்க. பிள்ளைங்களுக்குச் சொல்லத் தெரியாது, பிறந்ததுல இருந்து இப்படித்தான்னு இருந்துருதுங்க. அதனால மிஷின்லயே ஒரு சென்சார் வச்சுட்டான். கன்னத்துத் தசை அசைஞ்சா அதுக்குத் தெரியும். யாரு குரலுக்கு அசைஞ்சதுன்னும் தெரியும்."

"அது சிரிப்பா, துடிப்பான்னு தெரியுமா?"

"அதுதான் தெரியாது. ரெண்டுக்கும் அதே தசை. அதனால வீட்டு ஆளோட போனுல கேக்கும். சிரிப்புன்னு சொன்னா விட்டுரும். துடிப்புன்னு சொன்னா, அந்தக் குரல் வரும்போது மட்டும் கரண்டக் குறைக்கும். மறுபடியும் துடிப்புன்னா மறுபடியும் குறைக்கும்."

"எது வரைக்கும்?"

"இப்ப நீ கூப்பிட்டப்ப கோடு அசையவே இல்லையே, அது வரைக்கும்."

மேடம் தொடர்ந்தார். "அப்பத்தா குரல் மட்டும் கேக்காத பிள்ளை ஒண்ணு இங்க வந்துச்சு. அப்பன் குரல் கேக்காத பிள்ளையும் வந்துச்சு. கம்பெனிக்குச் சொன்னேன். வீட்டு ஆளுங்க எதுக்குத் தப்பாச் சொல்லப் போறாங்கன்னு கேக்குறான். அவன் நம்ம வீடுகள எங்க பாத்தான்?" பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். "உங்க வீட்டுல போன் யார்கிட்ட?"

"என்கிட்டதான்" என்றாள் மதினி. மறைக்கக்கூட இல்லை.

"என் குரலுக்கு அவ சிரிச்சப்பல்லாம் துடிப்புன்னு தட்டுனீங்களா?"

"கை தவறிப் பட்டிருக்கும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும்."

முன்பின் தெரியாத எவனோ ஒருவன் முகத்துக்கு நான் தப்பாகப் பெயர் ஒட்டினால் சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்பான். பெற்ற பிள்ளையின் சிரிப்புக்குத் தப்பாகப் பெயர் ஒட்டியவளை யார் கேட்பது?

"ஒரு பிள்ளையோட காதுக்குள்ள போயி என்னைக் கொன்னுருக்கீங்க மதினி."

"நீ என் நிச்சயத்தன்னைக்கே என் வயித்துல கல்லப் போட்டவதான."

"அது படிச்சதச் சொன்னேன்."

"ஆமா. படிச்சதச் சொன்ன. எம்பிள்ளை பேசுன மொத வார்த்தையும் தெருவெல்லாம் போயிச் சொன்ன. 'அத்தைன்னுல்ல சொன்னுச்சாம், பெத்தவ என்ன பண்ணிக்கிட்டு இருந்தா'ன்னு தறிக்குத் தறி என்னையக் கேட்டாளுக. அதையும் படிச்சியா?"

"சண்டைய கேண்டீன்ல போயிப் போடுங்க" என்றார் ரெஜினா மேடம். "வைரமணி குரல நான் இப்பவே திறந்து விட்டுருவேன், அது பெரிய விசயமில்ல. எனக்கு வேற சந்தேகம். இவ ஏன் மிஷினப் பிடுங்கி எறியிறா? அதச் சொல்லுங்க."

இருவருக்கும் தெரியவில்லை.

மேடம் பிள்ளையின் கன்னத்திலும் புருவத்திலும் சின்னச் சின்ன ஒட்டுகளைப் போட்டு வயர் மாட்டினார். கையில் சத்தமில்லாமல் ஓடுகிற கார்ட்டூனைக் கொடுத்தார். எங்களிடம், "யாரும் மூச்சு விடக் கூடாது. குரலே இல்லாம, காதுக்குள்ள வச்ச கம்பியில இருக்கிற ஒவ்வொரு முனையையும் தனித்தனியாத் தட்டிப் பாக்கப் போறேன். எந்த முனைய தட்டுனா மூஞ்சி அசையுதோ, அங்கதான் கசிவு" என்றார்.

தட்டினார். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. பிள்ளை கார்ட்டூன் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடத்தின் விரல் நடுவில் ஒரு இடத்துக்கு வந்தது.

தேன்மொழியின் இடது கடைவாய் மேலே ஏறியது. இடது கண் கொஞ்சம் சுருங்கியது.

மேடம் மறுபடி தட்டினார். மறுபடி ஏறியது. விட்டார். இறங்கியது. தட்டினார். ஏறியது. சுவிட்சைப் போட்டால் பல்பு எரிகிற மாதிரி. ஆபீஸில் இந்த முகம் என் திரைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் சிரிப்பு என்று தட்டியிருப்பேன். ஆனால் நான் இதை ஆபீஸில் பார்க்கவில்லை. வீட்டில் பார்த்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், பார்க்காமல் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், ஒரு பக்கம் மட்டும் ஏறுகிறது என்று. என் வயிற்றெரிச்சல் என்னைப் பார்க்க விடவில்லை.

பிள்ளை கண்ணைத் தேய்த்தது. அப்புறம் கை காதுக்குப் போனது, மிஷினைப் பிடுங்க.

"இதான் எறியிறதுக்குக் காரணம்" என்றார் மேடம். "மூஞ்சியில ஈ உக்காந்து உக்காந்து எந்திரிக்கிற மாதிரி இருக்கும் அவளுக்கு. இந்த முனைய அதிகமா அடிக்கிற குரல் எதுன்னு பாக்கணும். மாரீஸ்வரி, வீட்டுல எப்படிக் கூப்பிடுவியோ அப்படிக் கூப்பிடு."

மதினி பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றாள். "ஏ தேனு" என்றாள், தறிக்கு மேலே ஏறுகிற அந்தக் குரலில்.

திரையில் அந்த ஒரு கோடு மட்டும் கூரையை முட்டியது. கடைவாய் ஏறியது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? என் சிரிப்பைத் திருடியவளுக்கு ஒரு சிரிப்புகூடச் சொந்தமில்லை என்பது என் கண்ணெதிரே கோடு கோடாக எழுதியிருந்தது. அதை நானே சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. சொன்னேன்.

"மதினி, அவ உங்களப் பாத்துச் சிரிக்கிறது சிரிப்பே இல்ல."

மதினி என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

மேடம் கிராம்பை மெல்வதை நிறுத்தினார்.

"சோத்தக் கொட்டிட்டான்னு ஒரு நா முதுகுல ரெண்டு போட்டுத் திட்டுனேன். சிரிச்சா. கண்ணுல தண்ணி நிக்கிது, வாய் சிரிக்குது. இன்னொரு நா மிஷினக் கழட்ட மறந்து தூங்கிட்டா. கரண்டு போச்சேன்னு நான் சத்தம் போட்டேன். தூக்கத்துல சிரிச்சா. பெத்தவளுக்குத் தெரியாதா எது சிரிப்புன்னு?"

"அப்புறம் ஏன் போனுல சிரிப்புன்னு தட்டுன?" என்று கேட்டார் மேடம்.

"துடிப்புன்னு தட்டுனா நிறுத்திப்புடுமே." மதினியின் குரல் முதன்முறையாகத் தறிக்குக் கீழே இறங்கியிருந்தது. "அவ பேசுனா அத்தை. தூங்குனா அத்தை மடி. எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு. பொய்யோ நெசமோ, நான் கூப்பிட்டா வந்துச்சு."

"என் குரலுக்கு வந்தது?" என்றேன்.

"அது நெசம். நெசம்னு தெரிஞ்சுதான் அமுக்குனேன்."

அவளைத் திட்ட ஆயிரம் வார்த்தை தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் கோபமும் போகவில்லை. இப்போதும் போகவில்லை.

மேடம் மெதுவாகச் சொன்னார். "அந்த முனையில கரண்டக் குறைச்சா மூஞ்சி இழுக்காது. மிஷினையும் எறிய மாட்டா. ஆனா உன் குரல் அவளுக்கு இப்ப மாதிரி இருக்காது. யாரு இதுன்னு புதுசாப் பழகணும். அந்தச் சிரிப்பும் வராது. நீ சரின்னு சொன்னாத்தான் நான் கை வைக்க முடியும்."

பிள்ளை இன்னும் இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. மதினி முந்தானை நுனியை உருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, அந்தக் கண்ணில் ஒற்றினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிள்ளை முகத்தைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றது.

"குறைங்க" என்றாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது மேடம் கேட்டார். "இனிமே கேள்வி யாரு போனுக்கு வரணும்?"

"அவளுக்கே வரட்டும்" என்றாள் மதினி, என் பக்கம் திரும்பாமல். "படிச்சவ. சரியாத் தட்டுவா."

மேடம் என் நம்பரை ஏற்றினார். ஏற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீயும் மனுசிதான் வைரமணி. பாத்து இருந்துக்க" என்றார்.

வராந்தாவில் நான் பின்னால் நின்று கூப்பிட்டேன், என் கட்டைக் குரலில், கொஞ்சமும் சத்தம் கூட்டாமல். "தேனு."

திரும்பினாள். என்னைப் பார்த்தாள். வாயின் இரண்டு பக்கமும் விரிந்தன. ஓடி வந்து என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு, "அத்த, எங்க போன?" என்றாள். நான் எங்கேயும் போகவில்லையடி என்று அவள் தலையைக் கோதினேன். முன்னால் நடந்துகொண்டிருந்த மதினி நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. அவள் முதுகு மட்டும் விறைத்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமாக இல்லை. அவ்வளவு நாள் எரிந்த வயிறு அது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் கூட்டம். வெள்ளரிக்காய் வண்டி ஒன்று எதிர்ப்பக்கம் நின்றது. நான் சில்லறைக்குப் பையைத் துழாவிய நேரத்தில் பிள்ளை என் கையை உதறிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டது. ஒரு ஷேர் ஆட்டோ பிரேக் அடித்தது. மதினிதான் பாய்ந்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் இருவரும் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு? செத்துருப்பியேடி, செத்துருப்பியே. வெள்ளரிக்கா கேக்குதோ ஒனக்கு?"

நாலு தறிக்கு மேலே ஏறுகிற குரல். நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் பிள்ளையின் முகத்தையே பார்த்தேன். கடைவாய் ஏறவில்லை. கண் சுருங்கவில்லை. இந்தக் குரல் யாருடையது என்று தேடுகிறவள் மாதிரி அம்மாவின் வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு கீழுதடு பிதுங்கியது. மோவாய் நடுங்கியது. முகம் மொத்தமாக உடைந்து, சத்தம் போட்டு அழுதாள்.

மதினி திட்டுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். இடது பக்கம், வலது பக்கம், இரண்டு பக்கமும்.

"அழுறா" என்றாள் என்னைப் பார்த்து. "வைரம், நான் திட்டுனதுக்கு அழுறாடி."

ரோட்டோரப் புழுதியில் உட்கார்ந்து, அழுகிற பிள்ளையைக் கட்டிக்கொண்டு, அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளையும் திட்டியவளிடமே போய் ஒட்டிக்கொண்டது. மூக்கை அவள் சேலையிலேயே துடைத்தது. மிஷின் காதில் இருந்தது. அதை அவள் தொடக்கூட இல்லை.

"தேனு" என்றேன் நான். "அத்தைகிட்ட வா."

அவளுக்குக் கேட்டது. காதோரம் லேசாகத் தலை அசைந்ததைப் பார்த்தேன். கேட்டும் அவள் திரும்பவில்லை. அம்மாவின் கழுத்துக்குள் முகத்தை இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டாள்.

என்னிடம் அவள் சிரித்திருக்கிறாள். எனக்கு முத்தம் கொடுத்திருக்கிறாள். என் குரலுக்கு ஒரு நாளும் அழுததில்லை.

கையில் இருந்த போன் சிணுங்கியது. திரையில் கேள்வி. 'தாயின் குரலுக்கு முகத் தசை பலமாக அசைந்தது. இது குழந்தையின் சொந்த அசைவா, துடிப்பா?' கீழே இரண்டு பொத்தான்கள். இரண்டும் ஒரே அளவு. விரல் எந்தப் பக்கம் விழுந்தாலும் போனுக்கு ஒன்றுதான்.

மதினி பார்த்துவிட்டாள். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"என்ன கேக்குது?"

"அழுகை நெசமான்னு கேக்குது."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கெஞ்சுவாள் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை. அந்த உரிமை தனக்கு இல்லை என்று தெரிந்தவள் மாதிரி நின்றாள்.

நான் தட்டினேன். திரை அணைந்தது.

"என்ன போட்ட?"

"நெசம்னுதான் போட்டேன்."

என் முகத்தையே பார்த்தாள். தன் பிள்ளை முகத்தை இத்தனை நாளாக எப்படிப் பார்த்தாளோ அப்படி.

"காட்டு."

"காட்ட மாட்டேன்" என்று போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். "பஸ் வந்துருச்சு, ஏறுங்க."

நெசம் என்றுதான் போட்டேன். ஆனால் ஊர் போய்ச் சேரும் வரைக்கும் அவள் சந்தேகப்பட்டுக்கொண்டே வரட்டும்.